குடியாத்தம் கதையில் யார் இல்லை?

1

தமிழக அரசியலைப் பற்றிப் பேச்சு எழுந்து, "இப்போ இருக்கறவங்கள விடுங்க, அந்தக் காலத்துல..." என்று யாராவது ஆரம்பித்தால் ஐந்து நிமிடத்துக்குள் குடியாத்தம் வந்துவிடும். நீங்களும் கேட்டிருப்பீர்கள். 1954. காமராஜர் முதலமைச்சராகிவிட்டார், ஆனால் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. குடியாத்தம் இடைத்தேர்தலில் நிற்கிறார். பல காலமாகக் காங்கிரசை எதிர்த்த பெரியார் அவரை ஆதரிக்கிறார். பெரியாரைப் பிரிந்து தனிக்கட்சி கண்ட அண்ணாவும் ஆதரிக்கிறார். காமராஜர் ஜெயிக்கிறார். சொல்பவர் ஒரு பெருமூச்சு விடுகிறார். "அப்படிப்பட்ட மனுஷங்க இருந்த நாடு இது." கதை முடிந்தது.

மேடைப் பேச்சு, பட்டிமன்றம், நினைவு மலர், இப்போது வாட்ஸப் என்று எழுபது வருடமாக இந்தக் கதை ஓடிக்கொண்டிருக்கிறது. இதில் பொய் எதுவும் இல்லை. சொல்லப்படும் ஒவ்வொரு தகவலும் நடந்ததுதான். நான் இதை வரலாறாகச் சரிபார்க்க வரவில்லை, ஒரு பிரதியாகப் படிக்க வந்திருக்கிறேன். ஒரு சிறுகதையை எடுத்து, யார் பேசுகிறார்கள், யாருக்குப் பெயர் இருக்கிறது, எந்த இடத்தில் கதை நிறுத்தப்படுகிறது என்று பார்ப்போமே, அப்படி.

அப்படிப் பார்த்தால் கதையில் மூன்று பெயர்கள் இருக்கின்றன: காமராஜர், பெரியார், அண்ணா. குடியாத்தம் என்ற பெயர் இருக்கிறது, ஆனால் ஊர் இல்லை. அதற்குப் பதிலாக அரக்கோணம் என்று போட்டுச் சொன்னாலும் கதையில் ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டியிருக்காது. காமராஜரை எதிர்த்து நின்றவரின் பெயர் வருவதே இல்லை. ஓட்டுப் போட்டவர்கள் யார், என்ன வேலை செய்தார்கள், அந்த வருடம் அவர்களுக்கு என்ன பிரச்சினை, எதுவுமே கிடையாது. ஒரு தேர்தலைப் பற்றிய கதையில் வாக்காளர் இல்லை.

இது ஏதோ ஒரு கதையின் குறை மட்டும் என்றால் விட்டுவிடலாம். நமக்கு இடைத்தேர்தலைச் சொல்லத் தெரிந்த முறையே இதுதானோ என்று தோன்றுவதால்தான் எழுதுகிறேன்.

2

முதலில் கதைக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். 1952 பொதுத்தேர்தலில் சென்னை மாகாணத்தில் மொத்தம் 375 இடங்கள். காங்கிரசுக்குக் கிடைத்தது 152. பெரும்பான்மை இல்லை. ராஜாஜியைக் கூப்பிட்டார்கள். அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்தார், முதலமைச்சரானார். அடுத்த வருடம் வந்த புதிய ஆரம்பக் கல்வித் திட்டம், எதிர்த்தவர்கள் வைத்த பெயரில் 'குலக்கல்வி', அவருடைய ஆட்சியையே விழுங்கியது. 1954 மார்ச் கடைசியில் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சி புதிய தலைவரைத் தேர்ந்தெடுத்தபோது காமராஜருக்கு 93 ஓட்டு, ராஜாஜி தரப்பு நிறுத்திய சி.சுப்பிரமணியத்துக்கு 41. ஏப்ரல் 13 அன்று காமராஜர் பதவியேற்றார்.

அப்போது அவர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மக்களவை உறுப்பினர். ஆறு மாதத்துக்குள் மாநிலத்தின் ஏதாவது ஒரு அவையில் உறுப்பினராக வேண்டும். மேலவைக் கதவு திறந்தே இருந்தது. ராஜாஜி அந்த வழியாகத்தான் வந்தார். காமராஜர் அந்தப் பக்கம் போகாமல் மக்களிடம் ஓட்டுக் கேட்கப் போனார். அதுவும் தன் ஊரான விருதுநகருக்குப் பக்கத்தில் இல்லை. தெற்கே பிறந்தவர், வடக்கே ஆந்திர எல்லையை ஒட்டிய வட ஆற்காட்டு மாவட்டத்துக்குப் போனார். தன் சாதியின் பலம் இல்லாத இடம். இது துணிச்சல்தான், நேர்மையும்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் துணிச்சலோடு கணக்கும் சேர்ந்தே இருந்தது. கணக்கைச் சொன்னால் பெருந்தன்மை குறைந்துவிடும் என்று கதைசொல்லிகள் பயப்படுகிறார்கள் போல. ஏன் பயப்பட வேண்டும்?

அண்ணாவின் தி.மு.க. 1957 வரை தேர்தலிலேயே நிற்கவில்லை. ஆக, 1954-இல் குடியாத்தத்தில் நிறுத்துவதற்கு வேட்பாளரும் இல்லை, விட்டுக்கொடுப்பதற்குத் தொகுதியும் இல்லை. இரண்டாவது, பெரியார். 1952 தேர்தலில் அவர் ஆதரித்தது கம்யூனிஸ்டுகளை. காங்கிரசை வீழ்த்த அவர்கள்தான் சரியான ஆள் என்பது அப்போதைய அவருடைய முடிவு. சென்னை மாகாணத்தில் கம்யூனிஸ்ட் கட்சி 62 இடங்களைப் பிடித்துப் பெரிய எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது. இரண்டே வருடத்தில் நிலைமை மாறியது. குலக்கல்வியை நீக்கக்கூடியவர் என்று நம்பியதால் பெரியார் காமராஜர் பக்கம் வந்தார். காமராஜரும் பதவியேற்ற அடுத்த மாதமே அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். பெரியார் ஒன்றைக் கேட்டார், அது கிடைத்தது, அதற்கு ஆதரவு கொடுத்தார். அரசியலில் இதைவிட நேர்மையான கொடுக்கல் வாங்கல் எது?

மூன்றாவது, வட ஆற்காடு. 1952-இல் வன்னியர்களின் காமன்வீல் கட்சி பலமாக இருந்த வட்டாரம் அது. அதன் தலைவர் மாணிக்கவேல் நாயக்கர் ராஜாஜி அமைச்சரவையிலேயே சேர்ந்தவர், காமராஜர் அமைச்சரவையிலும் தொடர்ந்தார். தென்னாற்காட்டில் உழைப்பாளர் கட்சி நடத்திய ராமசாமி படையாட்சியாரையும் காமராஜர் அமைச்சராக்கினார். எட்டே பேர் கொண்ட அந்தச் சின்ன அமைச்சரவையில் இந்த இருவருக்கும் இடம் இருந்தது, தன்னை எதிர்த்துப் போட்டியிட்ட சி.சுப்பிரமணியத்துக்கும் இடம் இருந்தது. குடியாத்தத்துக்குப் போகும் பாதையை அவர் முன்னாலேயே போட்டுவைத்திருந்தார்.

இதையெல்லாம் சொன்னால் காமராஜர் சின்னவராகிவிடுவாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிலையாக நின்றவர் கொஞ்சம் அசைந்து, வேலை தெரிந்த அரசியல்வாதியாக இறங்கி வருகிறார். ஆனால் நான் கவனிக்க விரும்பியது வேறு. கணக்கைச் சேர்த்துச் சொன்னாலும் வாக்காளர் இன்னும் வரவில்லை. மேடைக் கதையில் தலைவர்களின் மனசு இருந்தது, இப்போது தலைவர்களின் மூளையும் வந்திருக்கிறது. குடியாத்தத்துக்காரர் இன்னும் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார்.

3

குடியாத்தம் நெசவு ஊர். கைத்தறி லுங்கி, பீடி, தீப்பெட்டி. ஊருக்கு நடுவே கவுண்டின்ய நதி. வருடம் முழுக்கப் பெரும்பாலும் மணல்தான். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்கள் மொத்தமும் திரளும். 1954-இல் அந்தத் தொகுதியில் ஓட்டுப் போட வந்தவர்கள் தறிக்காரர்கள், பீடி சுற்றுபவர்கள், சுற்றுப்புறக் கிராமத்து விவசாயிகள், கூலிகள்.

தறிக்காரருக்கு அது எப்படிப்பட்ட காலம் என்பதற்கு அரசியல் ஆவணங்கள் இருக்கின்றன. ஆலைகள் வேட்டியும் சேலையும் நெய்யக்கூடாது, அவற்றைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று 1952-இல் முதலமைச்சர் ராஜாஜியே மத்திய அரசோடு மல்லுக்கு நின்றார். ஆலைத் துணிக்குத் தீர்வை போட்டுக் கதரையும் கைத்தறியையும் தாங்கிப் பிடிக்க 1953-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அதே 1953-இல் தி.மு.க. தலைவர்கள் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்றார்கள். ஒருவரை ஒருவர் கண்டாலே ஆகாத மூன்று தரப்பு ஒரே விஷயத்துக்காக ஓடியிருக்கிறது என்றால் தறி எவ்வளவு மோசமாக நின்றுபோயிருக்க வேண்டும்! அடுத்த வருடம் ஒரு நெசவு ஊரில் முதலமைச்சரே இடைத்தேர்தலுக்கு நிற்கிறார். நாம் சொல்லும் கதையில் நூல் என்ற வார்த்தைகூட வருவதில்லை.

இங்கேதான் ஒரு நாவலை எடுத்து வைக்க வேண்டும். தொ.மு.சி.ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' வெளிவந்தது 1953-இல், குடியாத்தத்துக்கு ஒரு வருடம் முன்னால். தெற்கே அம்பாசமுத்திரத்து நெசவாளர்களை வைத்து எழுதியது. நூல் கிடைக்காமல், கிடைத்தாலும் விலை கட்டாமல், நெய்தாலும் விற்காமல் ஒரு சமூகம் எப்படிக் குலைகிறது என்பதுதான் அதன் பொருள். கமில் ஸ்வெலபில் அதைச் செக் மொழியில் பெயர்த்தார். சோஷலிச யதார்த்தவாதத்தின் முதல் தமிழ் நாவல் என்று இலக்கிய வரலாறுகளில் ஒரு வரி கொடுத்து நகர்ந்துவிடுகிறோம். பிரச்சார நெடி என்று ஒதுக்குபவர்களும் உண்டு. அந்தக் குற்றச்சாட்டை நான் முழுக்க மறுக்க மாட்டேன். அதில் நல்லவர்கள் சீக்கிரம் தெளிவடைகிறார்கள், தெளிவடைந்தவர்கள் நீளமாகப் பேசுகிறார்கள்.

ஆனால் அந்த நாவல் செய்த ஒரு காரியத்தை நம் அரசியல் கதைகள் இன்றுவரை செய்யவில்லை. அது நூல் விலையைக் கதைக்குள் கொண்டுவந்தது. ஒரு குடும்பத்தின் மானமும் ஒரு காதலும் ஒரு தற்கொலையும் நூல் விலையோடு எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று காட்டியது. அரசியல் என்பது மேடையில் நடப்பது மட்டும் இல்லை, தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பவருக்கு மேலேயும் நடந்துகொண்டிருக்கிறது என்று அந்த நாவலுக்குத் தெரியும். குடியாத்தம் கதைக்கு அது தெரியாது.

விமர்சகர்கள் 'பஞ்சும் பசியும்' நாவலைப் பிரச்சாரம் என்கிறோம். மேடைக் கதையை நினைவு என்கிறோம். உண்மையில் எது பிரச்சாரம்? மனிதர்களை ஒரு கருத்துக்காக வளைப்பது பிரச்சாரம் என்றால், ஒரு தொகுதி மக்கள் மொத்தத்தையும் மூன்று தலைவர்களின் நல்ல குணத்துக்குச் சாட்சி சொல்ல நிறுத்துவதற்கு என்ன பெயர்?

4

காமராஜரை எதிர்த்து நின்றவர் பெயர் வி.கே.கோதண்டராமன். கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். தோற்றார். முதலமைச்சர், அவர் பின்னால் ஆளுங்கட்சி, பெரியார், அண்ணா. இத்தனையையும் எதிர்த்து நின்றவர் தோற்றதில் ஆச்சரியம் இல்லை. மேடைக் கதை இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. தொகுதி நிற்கவில்லை.

மூன்று வருடம் கழித்து, 1957 பொதுத்தேர்தல். காமராஜர் தன் ஊர்ப் பக்கம் சாத்தூருக்குப் போய்விட்டார். அலை என்றால் அது காங்கிரஸ் அலை. மாநிலத்தின் 205 இடங்களில் 151 காங்கிரசுக்கு. கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தமிழ்நாடு முழுக்கச் சேர்த்துக் கிடைத்தது நான்கே நான்கு இடம். அந்த நான்கில் ஒன்று குடியாத்தம். ஜெயித்தவர் கோதண்டராமன்.

இந்தத் தகவலைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பாருங்கள். எந்த மக்கள் காமராஜரின் மகத்துவத்தை அறிந்து அவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நாம் மேடையில் சொல்கிறோமோ, அதே ஊர் மக்கள் மூன்றே வருடத்தில், அதே காமராஜர் மாநிலம் முழுக்க ஜெயித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவரிடம் தோற்ற ஆளைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். அது அப்போது இரட்டை உறுப்பினர் தொகுதி, கூட வந்த இன்னொரு உறுப்பினர் காங்கிரஸ்காரர். ஒரே தொகுதி ஒரே நாளில் காளையையும் கதிர் அரிவாளையும் அனுப்பிவைத்தது. அதோடும் முடியவில்லை. 1967-இலும் 1977-இலும் கோதண்டராமன் மார்க்சிஸ்ட் கட்சி வேட்பாளராகக் குடியாத்தத்தில் ஜெயித்தார். அந்த இரண்டு முறையும் பெரிய கட்சிகளின் கூட்டணி அவருக்கு இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 1957-க்கு அந்த விளக்கம் போதாது.

அப்படியானால் 1954-இல் குடியாத்தத்துக்காரர்கள் என்ன நினைத்து ஓட்டுப் போட்டார்கள்? முதலமைச்சரே நம் தொகுதிக்காரர் என்றால் ஊருக்கு ஏதாவது நடக்கும் என்று நினைத்திருக்கலாம். குலக்கல்வியை எடுத்தவர் என்ற நன்றி இருந்திருக்கலாம். தறிக்காரப் பிள்ளை தறிக்கே போக வேண்டும் என்ற திட்டம் ஒரு நெசவு ஊரில் எப்படிக் காதில் விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு, முதலமைச்சர் சாத்தூருக்குப் போனதும், பக்கத்துத் தெருவில் கூப்பிட்டால் வருகிற ஆள் யார் என்று வேறு கணக்குப் போட்டிருக்கலாம். இதில் எது உண்மை என்பதைவிட, இந்தக் கேள்விகளைக் கேட்க ஆரம்பித்ததுமே அவர்கள் ஆட்களாகிவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். யோசிக்கிறவர்கள், மாற்றி யோசிக்கிறவர்கள்.

இதற்கு இன்னொரு முனையும் உண்டு. 1963-இல் அதே வட ஆற்காட்டு மாவட்டத்தில், திருவண்ணாமலையில், ஒரு சட்டமன்ற இடைத்தேர்தல் வந்தது. தி.மு.க.வின் ப.உ.சண்முகம் ஜெயித்தார். அதே வருடம் வடக்கே அம்ரோகாவில் கிருபளானி, ஃபருக்காபாத்தில் லோகியா, ராஜ்கோட்டில் மினு மசானி என்று மக்களவை இடைத்தேர்தல்களில் எதிர்க்கட்சிகள் காங்கிரசை வீழ்த்திக்கொண்டிருந்தன. அக்டோபர் 2 அன்று காமராஜர் தன் பெயரில் வந்த திட்டத்தின்படி முதலமைச்சர் பதவியை விட்டு விலகினார். ஆக, அவருடைய முதலமைச்சர் வாழ்க்கை தொடங்கியதும் முடிந்ததும் வட ஆற்காட்டு இடைத்தேர்தல்களை ஒட்டித்தான். முதலாவதைச் சொல்லாத மேடை இல்லை. இரண்டாவதை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள்? முதலாவதில் மக்கள் நம் கதைக்கு ஒத்துழைத்தார்கள். இரண்டாவதில் ஒத்துழைக்கவில்லை.

5

இதை எழுதும் நான் இருப்பது திருப்பருத்திக்குன்றத்தில். காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதிக்கு இந்தப் பக்கம். ஊர்ப் பெயரில் பருத்தி, தறியில் பட்டு. சமணக் காஞ்சி என்று பெயர் வாங்கிய இடம். இங்கே இருக்கும் திரைலோக்கியநாதர் கோயிலைப் பார்க்க வருபவர்கள் சங்கீத மண்டபத்தில் அண்ணாந்து நிற்பார்கள். மேற்கூரை முழுக்கத் தீர்த்தங்கரர்களின் கதைகள் பட்டை பட்டையாக ஓவியமாக ஓடும். அந்த மண்டபத்தைக் கட்டியவர் விஜயநகர மன்னர் இரண்டாம் ஹரிஹரரின் அமைச்சர் இருகப்பர், வருடம் 1387. இது நமக்கு எப்படித் தெரியும்? கல்வெட்டு இருக்கிறது. கொடுத்தவர் பெயர் கல்லில் இருக்கும். கல் சுமந்தவர் பெயர் எந்தக் காலத்திலும் இருக்காது.

குடியாத்தம் கதையும் ஒரு கொடைக் கல்வெட்டுதான். ஆதரவு கொடுத்தவர் இன்னார், பெற்றவர் இன்னார். கல்வெட்டின் வேலை அது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கல்வெட்டை மட்டும் படித்துவிட்டு ஊரின் கதை தெரியும் என்று சொன்னால் எப்படி?

எங்கள் காஞ்சிபுரம் இந்த விஷயத்தில் நல்ல உதாரணம். அண்ணா பிறந்த ஊர். காமராஜரை வாழ்த்தி அண்ணா எழுதியதை மேடைகளில் இன்றும் சொல்கிறார்கள், அவருடைய 'திராவிட நாடு' இதழ் காஞ்சியிலிருந்துதான் வந்தது. 1957-இல் காஞ்சிபுரம் அண்ணாவைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 1962-இல் அதே அண்ணாவைத் தோற்கடித்து, காங்கிரஸ் வேட்பாளரான பஸ் முதலாளி நடேச முதலியாரை அனுப்பியது. தி.மு.க. 15 இடத்திலிருந்து 50 இடத்துக்கு வளர்ந்த தேர்தலில், அதன் தலைவர் சொந்த ஊரில் தோற்றார். 1957-இல் ஜெயித்த தி.மு.க.காரர்களைக் குறிவைத்துக் காமராஜர் வேலை செய்த தேர்தல் அது. குடியாத்தத்துக்கும் இதற்கும் இடையில் எட்டே வருடம். பெருந்தன்மைக் கதையைச் சொல்பவர்கள் இந்த எட்டு வருடத்தைத் தாண்டி வருவதில்லை.

அந்தத் தோல்விக்கும் ஒரு கதை இருக்கிறது. ஓட்டுக்கு ஐந்து ரூபாய் கொடுத்து, வேங்கடாசலபதி படத்தின் மேல் சத்தியம் வாங்கினார்கள் என்று தி.மு.க. மேடைகளில் பல காலம் சொன்னார்கள். நடந்ததா இல்லையா என்ற விசாரணைக்குள் நான் போகவில்லை. கதையின் வடிவத்தை மட்டும் பாருங்கள். நம் ஆள் ஜெயித்தால் மக்கள் பெருந்தன்மையை உணர்ந்தவர்கள். நம் ஆள் தோற்றால் மக்கள் விலை போனவர்கள். குடியாத்தத்தில் சாட்சி, காஞ்சிபுரத்தில் சரக்கு. இரண்டிலும் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு மனசு கிடையாது.

இந்த இரண்டாவது கதைதான் பிறகு வளர்ந்து பெரிதானது. 2009 ஜனவரியில் மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் இடைத்தேர்தல். தி.மு.க.வின் லதா அதியமான் 39,266 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். வீட்டுக்கு வீடு கவர் போனது என்ற பேச்சு எழுந்தது. 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற சொல் பிறந்தது. அமெரிக்கத் தூதரகத்தின் ரகசியக் குறிப்பு வரைக்கும் விஷயம் போய், 2011-இல் விக்கிலீக்ஸ் வழியாகப் பத்திரிகையில் வந்தது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் எந்த இடைத்தேர்தல் நடந்தாலும் நமக்கு ஒரே வார்த்தை போதும். ஃபார்முலா. பணம் கொடுத்ததைப் பற்றி எழுத வேண்டும், கட்டாயம் எழுத வேண்டும். ஆனால் ஃபார்முலா என்ற சொல்லில் வாக்காளர் ஒரு எண். இந்தப் பக்கம் போட்டால் அந்தப் பக்கம் விடை வரும். குடியாத்தம் என்ற சொல் எவ்வளவு சோம்பேறித்தனமோ, திருமங்கலம் என்ற சொல்லும் அவ்வளவு சோம்பேறித்தனம். ஒன்று ஏங்குகிறது, இன்னொன்று காறித் துப்புகிறது. இரண்டுக்குமே ஊருக்குள் போகும் பொறுமை இல்லை.

காஞ்சிபுரத்தில் 2005 மே மாதம் இடைத்தேர்தல் நடந்தது. கும்மிடிப்பூண்டியோடு சேர்த்து. முந்தைய வருட மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் எல்லா இடங்களையும் தி.மு.க. கூட்டணி அள்ளியிருந்தது. இந்த இரண்டு இடங்களிலும் ஆளும் அ.தி.மு.க. ஜெயித்தது. அடுத்த வருடம் பொதுத்தேர்தலில் ஆட்சியே மாறியது. மூன்று வருடத்தில் முடிவு இரண்டு முறை மாறியது. இதைப் பற்றி எங்கள் தெருவில் பட்டுத்தறி போட்டிருந்த ஒரு பெரியவரிடம் ஒருமுறை கேட்டேன்.

"அந்த மாசம் இன்னா கூட்டம்ன்ற! நான் தறிக்குழில காலை விட்டுக்கினு ஒக்காந்துனுக்கிறேன், பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் குனிஞ்சி உள்ள வந்து கும்புடறாங்க. பொடவையத் தொட்டுப் பாக்கறாங்க. கோர்வை எப்படிப் போடறதுன்னு கேக்கறாங்க. கூலி எவ்ளோன்னு ஒருத்தரும் கேக்கல தம்பி."

"நீங்க யாருக்கு மாமா போட்டீங்க?"

அவர் நாடாவைத் தள்ளிவிட்டுச் சிரித்தார். "அது எதுக்கு உனக்கு?"

6

எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடிக்கும். குடியாத்தம் கதைக்கும் திருமங்கலம் ஃபார்முலாவுக்கும் சேர்த்து ஒரு நெசவாளர் கொடுத்த பதில் அது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தக் காலத்தில் ஓட்டுப் போடும் முறையை நினைத்துப் பாருங்கள். 1950-களில் வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் வேலை இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, மேலே சின்னம் ஒட்டியிருக்கும். இரட்டைக் காளைக்கு ஒரு பெட்டி, கதிர் அரிவாளுக்கு ஒரு பெட்டி. வாக்காளர் சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போய், ஏதாவது ஒரு பெட்டியில் போட்டுவிட்டு வருவார். மறைப்புக்குப் பின்னால் அந்தச் சில நொடிகள் அவர் தனியாக நிற்கிறார். வெளியே முதலமைச்சர், பெரியார், அண்ணா, தோழர்கள், மேஸ்திரி, சாதித் தலைவர், கடன் கொடுத்தவர். உள்ளே யாரும் இல்லை. வரலாற்றாசிரியர் அங்கே நுழைய முடியாது. அவருக்குப் பெட்டியைத் திறந்து எண்ணிய பிறகு கிடைக்கும் எண்கள் மட்டும்தான். நிருபருக்கும் அனுமதி இல்லை. உள்ளே போகக்கூடிய ஒரே ஆள் நாவலாசிரியர்.

தமிழ் நாவலாசிரியர்கள் அங்கே அதிகம் போகவில்லை என்பது என் குறை. அரசியலை நையாண்டி செய்யும் நாவல்கள் நம்மிடம் உண்டு, இந்திரா பார்த்தசாரதியின் 'வேதபுரத்து வியாபாரிகள்' போல. அவற்றின் கண் பெரும்பாலும் பதவியில் இருப்பவர்கள் மேல்தான். கேலி செய்வதற்கும் தலைவர்கள்தான் வேண்டியிருக்கிறார்கள். சினிமாவில் 2021-இல் வந்த 'மண்டேலா' வேறு திசையில் ஒரு அடி எடுத்து வைத்தது. ஊராட்சித் தேர்தல், இரண்டு பக்கமும் சரிசமம், முடிவு ஒரு முடிதிருத்துபவரின் ஒற்றை ஓட்டில் தொங்குகிறது. பெயர்கூட இல்லாமல் இருந்தவருக்கு அடையாள அட்டைக்காக ஒரு பெயர் வைக்கப்படுகிறது. பெயர் வந்ததும் ஓட்டு வருகிறது, ஓட்டு வந்ததும் விலை வருகிறது, விலையிலிருந்து மெதுவாக ஒரு மனசு வருகிறது. அந்த வரிசைதான் படத்தின் சாதனை. ஓட்டுக்கு வாங்குபவரை அது வெறும் சரக்காகவும் பார்க்கவில்லை, தியாகியாகவும் ஆக்கவில்லை.

'பஞ்சும் பசியும்' வந்து எழுபது வருடம் தாண்டிவிட்டது. நூல் விலையைக் கதைக்குள் கொண்டுவந்த அந்தத் துணிச்சலும், ஓட்டுப் பெட்டியின் முன்னால் ஒரு ஆளைத் தனியாக நிற்கவிடும் பொறுமையும் சேர்ந்த ஒரு நாவல் இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது. அதற்குக் களம் தேடிப் போக வேண்டியதில்லை. 1954-க்கும் 1957-க்கும் நடுவில், காளைப் பெட்டியிலிருந்து கதிர் அரிவாள் பெட்டிக்கு ஒரு கை நகர்ந்த அந்த மூன்று வருடம் காத்துக்கொண்டிருக்கிறது. ஒரு தறி வீடு, ஒரு பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, ஒரு கடன் நோட்டு, முதலமைச்சர் வந்துபோன தெரு, அவர் திரும்பி வராத தெரு.

அதை எழுதுபவர் காமராஜரைச் சின்னவராக்க வேண்டியதில்லை. அவர் மேலவைக்குப் போகாமல் மக்களிடம் போனார் என்பதுதான் அவருடைய பெருமை என்றால், யாரிடம் போனார் என்று சொல்வதுதான் அவருக்கும் மரியாதை. தோற்பதற்கு வாய்ப்பு இருந்தால்தான் தேர்தலுக்கு அர்த்தம். மக்கள் வேறு மாதிரியும் முடிவெடுக்கக்கூடியவர்களாக இருந்தால்தான் அவர்கள் காமராஜரைத் தேர்ந்தெடுத்ததற்கு மதிப்பு. குடியாத்தம் அதை 1957-இல் நிரூபித்தது.

அடுத்த முறை யாராவது உங்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். நல்ல கதைதான். முடித்ததும் மெதுவாக ஒன்று கேளுங்கள்: "சரிங்கண்ணா, அதுக்கப்புறம் அந்த ஊர்ல என்ன ஆச்சு?"